ஒரு மட்டை போட்டு வை

வீட்டை எங்களுக்கு விற்ற பெரியவர் கிளம்பும்போது ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார். மழைக்கு எந்த மூலை ஒழுகும், வெந்நீர் எத்தனை நிமிஷம் கழித்து வரும் என்பதையெல்லாம் நாங்களே கண்டுபிடித்துக்கொள்ள விட்டுவிட்டார். பின்பக்கம் கூட்டிப்போய், நீச்சல் குளத்தின் ஓரத்தில் தரையோடு தரையாகக் கிடந்த வட்டமான வெள்ளை மூடியைச் செருப்புக் காலால் தட்டிக் காட்டினார். "இதைத் திறந்தால் முதலில் உள்ளே பார். பார்க்காமல் ஒருநாளும் கையை விடாதே."

இது நடந்தது 2009இல். சிட்னிக்கு வடமேற்கே செர்ரிபுரூக். வீட்டுக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் சரிவு, சரிவு முழுக்க யூகலிப்டஸ் காடு, அடியில் ஓர் ஓடை. நீச்சல் குளம் வேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டதே கிடையாது. கையில் இருந்த காசுக்கு அகப்பட்ட வீட்டில் அதுவும் சேர்ந்து வந்தது, அவ்வளவுதான். அதன் ஆங்கிலப் பெயர் ஓரசைச் சொல். அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள், எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஏன் புழங்கவில்லை என்பது விளங்கிவிடும். பிற்பாடு ஊரிலிருந்து வந்த அம்மா அதற்குத் 'தொட்டி' என்று பெயர் வைத்தாள். அன்றிலிருந்து இன்றுவரை தொட்டிதான்.

அந்த வெள்ளை மூடிக்குக் கீழே இருப்பது ஸ்கிம்மர். குளத்தின் பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சரியாக ஒரு வாய் திறந்திருக்கும். பம்ப் ஓடும்போது மேலோட்டமான தண்ணீர் அந்த வாய்க்குள் இழுபட்டுப் போகும். சருகு, பூ, மயிர் எல்லாம் உள்ளே ஒரு கூடையில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் வடிகட்டிக்குப் போகும். சருகுக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் தண்ணீரில் விழுந்து கரையேற முடியாமல் சுற்றிச் சுற்றி நீந்துகிற எதுவும், ராத்திரி பம்ப் ஓடினால், விடிவதற்குள் அந்தக் கூடைக்குத்தான் வந்து சேரும். முதல் வாரத்தில் நான் கூடையிலிருந்து எடுத்தவை: கரப்பான் பூச்சிகள், சில்வண்டுகள், விரல் நீளத்தில் அரணைகள், நான்கு தவளைகள். தவளைகளில் ஒன்றுக்கு உயிர் இருந்தது.

தவளை தண்ணீரில் சாகும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. ஊர்க் குளத்தில் கரை சரிவாக இருக்கும், சேறு இருக்கும், புல் இருக்கும். இந்தத் தொட்டிக்குக் கரை என்பதே கிடையாது. வழுவழுவென்ற சுவர், அதன் தலையில் உள்பக்கமாக இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும் கல் விளிம்பு. எட்டிப் பிடிக்கலாம் என்று வருகிற பிராணிக்கு மண்டையில் இடிக்கிற விளிம்பு அது. போதாக்குறைக்குத் தவளை தோல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிற ஜீவன், குளோரின் தண்ணீரில் மணிக்கணக்காகக் கிடந்தால் என்ன ஆகும்?

நியூ சவுத் வேல்ஸில் வீட்டு நீச்சல் குளங்களுக்கென்றே 1992இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயரத்துக்கு வேலி வேண்டும். வேலிக்கதவு தானாகவே சாத்தித் தானாகவே கொக்கி விழ வேண்டும். எல்லாம் சின்னக் குழந்தைகள் விழாமலிருக்க. வேலிக்கு அடியில் 10 சென்டிமீட்டர் இடைவெளி வரை இருக்கலாம். குழந்தையின் தலை நுழையாது, நியாயம்தான். ஆனால் 10 சென்டிமீட்டரில் நுழையக்கூடியவர்களின் பட்டியலைக் காட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும்.

பெரியவர் சொன்னதன் அர்த்தம் அடுத்த பிப்ரவரியில் புரிந்தது.

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் சுள்ளென்று வெயில். ஆழமான பக்கத்தில், அடித்தரையில், கொட்டைப்பாக்கு அளவுக்குக் கறுப்பாக ஏதோ கிடந்தது. வயிற்றுப் பக்கம் மட்டும் வெள்ளி ஜரிகை சுற்றியது போல மினுக்கம். நீளக் கம்பில் மாட்டிய வலையால் அள்ளிச் சிமெண்டுத் தரையில் கொட்டினேன். சிலந்தி. கால்களை மடக்கிச் சுருண்டு கிடந்தது. உடம்பு புதுச்செருப்புத் தோல் மாதிரி பளபளப்பு. செத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டி, துடைப்பம் எடுக்க உள்ளே போனேன். போன இடத்தில் போன் அடித்தது. திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். சிலந்தி நின்றுகொண்டிருந்தது. நான் துடைப்பத்தை நீட்டியதும் முன்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் சாய்ந்தது. இரண்டு பற்களும் வெளியே தெரிந்தன, ஒன்றின் நுனியில் ஒரு துளி ஈரம். பயந்து ஓடுகிற எண்ணமே அதற்கு இல்லை.

அதுதான் சிட்னி ஃபனல் வெப். தரையில் வளை தோண்டி, வாசலில் புனல் மாதிரி வலை பின்னி உட்கார்ந்திருக்கும். வெயில் காலத்தில், அதுவும் மழைக்குப் பிறகு, ஆண் சிலந்திகள் வளையை விட்டுவிட்டுப் பெண் தேடி ராத்திரியில் அலையும். அலைகிற வழியில் ஒரு தொட்டி குறுக்கிட்டால் விழும். விழுந்தால் உடனே சாகாது. வயிற்று மயிரில் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும், நான் பார்த்த ஜரிகை அதுதான். அந்தக் காற்றை வைத்துக்கொண்டு ஒரு முழு நாளும் அதற்கு மேலும் தண்ணீருக்கடியில் கிடக்கும். குழந்தைகள், ஏதோ மூழ்கிக் கிடக்கிறது என்று எடுக்கப் போவார்கள். என் மகளுக்கு அப்போது நாலு வயது. அன்று முதலில் எழுந்தது அவளல்ல, நான் என்பதைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷத்தின் கதை வேடிக்கையானது. நாய், பூனை, முயல் இவற்றையெல்லாம் அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மனிதனுக்கும் குரங்குக்கும்தான் எமன். 1927 முதல் 1981 வரை பதிவான மரணங்கள் 13. 1981இல் மெல்போர்னில் ஸ்ட்ரூவன் சதர்லாண்டின் குழு முறிமருந்து கண்டுபிடித்த பிறகு இந்தக் கடியால் ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த முறிமருந்து எப்படி வருகிறது என்பதில்தான் எங்கள் தொட்டிக்கு ஒரு பங்கு. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூட்டி முயலுக்கு ஏற்றுகிறார்கள். மாதக்கணக்கில் அதன் ரத்தத்தில் எதிர்ப்பு ஊறுகிறது, அதிலிருந்து மருந்து. விஷத்துக்கு உயிருள்ள ஆண் சிலந்திகள் வேண்டும். சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியில் இருக்கிற ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்காதான் அவற்றை வளர்த்து விஷம் எடுக்கிறது, முடிந்தவர்கள் பத்திரமாகப் பிடித்துக் கொண்டுவந்து கொடுங்கள் என்று பொதுமக்களைக் கேட்கவும் செய்கிறது.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "கொல்லாதே, வாய் அகன்ற ஜாடி கொண்டுவா" என்றார். எங்களிடம் அகன்ற வாய் என்றால் ஆவக்காய் ஊறுகாய் பாட்டில்தான். இந்தச் சிலந்தியால் வழுவழுப்பான கண்ணாடியில் ஏற முடியாதாம். பாட்டிலைப் படுக்கவைத்து, சாம்பார்க் கரண்டியின் நீளக் காம்பால் பின்னாலிருந்து தள்ளினார். நுழைந்ததும் நிமிர்த்தினார். மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே கொஞ்சம் ஈர மண் போட்டு, காரில் ஒருமணி நேரம் ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பெண் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, இரண்டாவது ஜோடிக் காலில் முள் மாதிரி ஒரு நீட்சி இருப்பதைக் காட்டி, "ஆண்தான், நல்லது" என்றாள். பாட்டிலை மாத்திரம் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கரண்டியை மனைவி மறுபடி சமையலறைக்குள் சேர்க்கவேயில்லை.

2011 செப்டம்பரில் அம்மா வந்தாள். தாராபுரத்துப் பக்கம் கிராமம், விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. வந்த மூன்றாம் நாள் காலையில் நான் ஸ்கிம்மர் கூடையைத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூடையில் இரண்டு தவளை.

"தெனமும் சாவுதா கண்ணு?"

"அப்பப்போம்மா."

"ஒரு மட்டை போட்டு வெக்கறதுக்கு என்ன?"

எனக்குச் சட்டென்று அப்பிச்சி ஞாபகம் வந்தது. அம்மாவைப் பெற்றவர். அவர் தோட்டத்துக் கிணறு கல்கட்டுக் கிணறு, சதுரம், எழுபது அடிக்குக் குறையாது. ஒரு பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள்தான் படி. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி அவர் என்னை அதில்தான் தள்ளிவிட்டார், நான் நீச்சல் கற்றது அங்கே. கிணற்றில் ஆள் இறங்காத மற்ற நேரமெல்லாம் ஒரு தென்னைமட்டை கிடக்கும். அடிமட்டையைக் கயிற்றில் கட்டிப் படிக்கல்லோடு சேர்த்திருப்பார், தோகைப் பக்கம் தண்ணீரில் மிதக்கும். ஓணான், கீரி, உடும்பு, பூனை, சில சமயம் சாரைப்பாம்பு. எது விழுந்தாலும் மட்டையைப் பிடித்துப் படிக்கு வரும், படியிலிருந்து மேலே வந்துவிடும். மட்டை ஊறி அழுகினால் புது மட்டை. அப்பிச்சி ஒன்றும் ஜீவகாருண்ய சீலர் அல்ல. வேட்டைக்குப் போகிறவர், தோட்டத்தில் பாம்பு கண்டால் அடிக்கிறவர். கிணற்றில் செத்து நாறினால் குடிதண்ணீர் போச்சு, அதுதான் முதல் காரணம். ஆனால் கிணற்றுக்குள் விழுந்த பாம்பை மட்டும் அடிக்க விடமாட்டார். "உளுந்து கெடக்கறதப் போயி அடிக்கறதா?" என்பார். இப்போது அந்தக் கிணறு வற்றிப் பல வருஷம் ஆகிறது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டிருக்கிறார்கள்.

சிட்னியில் தென்னைமட்டைக்கு எங்கே போவது என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அன்று மத்தியானம் நான் வேலையில் இருந்தபோது மனைவி போன் செய்தாள். "அத்தை குளத்துக்குள்ள மரத்தைப் போட்டுட்டாங்க." எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கோகோஸ் பாம் நிற்கும். தென்னையின் தம்பி மாதிரி, மட்டையும் அதே ஜாடை. பக்கத்து வீட்டு மரத்திலிருந்து விழுந்த ஒரு முழு மட்டையை, பத்தடிக்குக் குறையாது, அம்மா தன்னந்தனியாக இழுத்துவந்து தொட்டிக்குள் சாய்த்திருந்தாள். அடிமட்டை கரையில், தோகை தண்ணீரில். அப்பிச்சி கிணற்றில் கிடந்த அதே சாய்மானம்.

நாலு நாளில் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது. தோகை நார்நாராகப் பிரிந்து வடிகட்டியை அடைத்தது. பம்ப் முனகியது. மனைவி ஒன்றும் பேசவில்லை, பேசாமல் இருப்பதிலேயே எல்லாம் இருந்தது. ஆனால் அந்த நாலு நாளும் கூடையில் ஒரு தவளைகூட இல்லை. இதை இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன், இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் சமரசமாக ஒரு பலகை. ஆறடி நீளம், மேலே பழைய சணல் சாக்கைச் சுற்றி ஆணி அடித்தேன். ஒரு முனை படிக்கட்டின் மேல், மறுமுனை தண்ணீருக்குள். மட்டையைப் போல் அழகாக இல்லை என்று அம்மா சொன்னாள், அது உண்மைதான். பெயர் மட்டும் மட்டை என்றே நிலைத்தது.

அந்த அக்டோபரில் வாத்துகள். மேன்டு வாத்து என்றும் வுட் டக் என்றும் சொல்கிற இந்த ஊர்க் காட்டுவாத்து, மரப் பொந்தில்தான் முட்டையிடும். குஞ்சு பொரித்ததும் அவை பொந்திலிருந்து கீழே குதிக்க, தாயும் தகப்பனும் சேர்ந்து தண்ணீர் தேடி நடத்திக் கூட்டிப்போகும். காட்டுக்குள் இருக்கிற ஓடைக்குப் போகாமல் வேலிக்கு அடியில் புகுந்து எங்கள் தொட்டியைத் தேர்ந்தெடுத்தன. ஒன்பது குஞ்சுகள். பஞ்சு உருண்டைகள். பெரிய வாத்து இரண்டும் சிரமமில்லாமல் பறந்து கரையேறின. கரையில் நின்று மூக்கால் முனகுவது போல ஒரு குரலில் கூப்பிட்டன. குஞ்சுகள் விளிம்புக்குக் கீழே வந்து எம்பின, விழுந்தன, மறுபடி எம்பின.

நான் வலையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதுதான் நான் செய்த தப்பு. வலையைக் கண்டதும் பெரிய வாத்துகள் கூரைக்குப் பறந்துவிட்டன. குஞ்சுகள் சிதறிப் பாய்ந்தன. இரண்டு, ஸ்கிம்மர் வாய்க்குப் பக்கத்தில் ஒதுங்கின. பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் சுவிட்சுக்கு ஓடி அணைப்பதற்குள் ஒன்று உள்ளே போய்விட்டது. வெள்ளை மூடியைத் திறந்தேன். பார்த்தேன், பிறகுதான் கையை விட்டேன். கூடையில், சருகுகளுக்கு நடுவில், சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்த அடி, கடிகாரத்தை விழுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிடித்திருப்பது போல இருந்தது. மற்றக் குஞ்சுகளோடு தண்ணீரிலேயே விட்டேன்.

"அல்லாரும் உள்ள வாங்க. நின்னு வேடிக்கை பாத்தா அதுக எப்படி வரும்?" அம்மா கதவைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டாள். நாங்கள் நால்வரும் சமையலறை ஜன்னல் இடுக்கில் வரிசையாக. இருபது நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாய் இறங்கியது. பலகையின் மேல்முனையில் நின்று முனகியது. முதல் குஞ்சு பலகையைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று, மற்றவை கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சாக்கில் நகத்தை ஊன்றி ஊன்றி ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. மகள் விரல்விட்டு எண்ணினாள். ஒன்பது. வேலிக்கு அடியிலேயே திரும்பிப் போயின.

தவளை இருக்கிற இடத்துக்குப் பாம்பு வராமல் இருக்குமா? ஜனவரியில் வந்தது, சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பு. மேலே ஈரத் தார் போட்ட ரோடு மாதிரி கறுப்பு, நீந்தும்போது பக்கவாட்டில் செங்கல் சிவப்பு தெரியும். தவளைதான் அதற்கு விருப்பமான சாப்பாடு. விஷப்பாம்புதான். இங்கே உள்நாட்டுப் பிராணி எதையும் அடிக்கக் கூடாது, பாம்பானாலும் சட்டப் பாதுகாப்பு உண்டு, பிடிப்பதற்கும் அனுமதி பெற்றவர்தான் வர வேண்டும். வயர்ஸ் என்று 1985 முதல் இயங்குகிற தொண்டமைப்புக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்மணி முதலில் கேட்டது, "ஏறி வர ஏதாவது போட்டிருக்கிறீர்களா?" என் பின்னால் அம்மா நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பாம்பு களைத்திருந்தது. சுவரோரமாகப் போய், மூக்கால் விளிம்பைத் தொட்டு, சறுக்கி, அடுத்த மூலை. இப்படி மூன்று சுற்று. நாலாவது சுற்றில் மோவாய் சாக்கில் பட்டது. பாதி உடம்பைப் பலகைமேல் போட்டுவிட்டு அப்படியே கிடந்தது, வெயிலில், பத்து நிமிஷம். அது ஓய்வெடுக்கிறது என்பது ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. பிறகு அவசரமே இல்லாமல் வேலிக்கடியில் போயிற்று. பாம்பு பிடிக்கிறவர் கொக்கியும் பையுமாக வந்து சேர்ந்தபோது தொட்டி காலி. ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். "பாதி வீடுகளில் நான் வருவதற்குள் எவராவது மண்வெட்டியோடு கிட்டே போயிருப்பார்கள். கடி வாங்குவது அவர்கள்தான்" என்றார்.

எல்லாவற்றுக்கும் பலகை போதும் என்று சொல்ல வரவில்லை. அம்மா ஊருக்குப் போன பின் ஒரு வெக்கைச் சாயங்காலம் பழந்தின்னி வௌவால் ஒன்று விழுந்தது. அவை பறந்தபடியே வயிற்றைத் தண்ணீரில் உரசி, பிறகு மயிரிலிருந்து ஈரத்தை நக்கிக் குடிக்கும். இது கணக்குத் தப்பிவிட்டது. இறக்கைகளைத் துடுப்பாக வலித்து நீந்தி வந்து சாக்கைக் கவ்விக்கொண்டு தொங்கியது. நாய்க்குட்டி முகம், பெரிய பெரிய கண். தொட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். தொடக் கூடாது. 1996இல் இங்கே வௌவால்களிடம் ரேபிஸ் வகையைச் சேர்ந்த லிஸ்ஸா வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. கடியோ கீறலோ பட்டு நோய் வந்தவர்கள் மிகச் சிலர்தான், ஆனால் வந்தவர் எவரும் பிழைக்கவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்ட தொண்டர்தான் தொட வேண்டும். ஒருவர் தடித்த கையுறையும் துண்டுமாக வந்து சுருட்டி எடுத்துப் போனார். மூன்று நிமிஷ வேலை.

இனிச் சொல்வதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மகளின் ஏழாவது பிறந்தநாள், நவம்பர் மாதம். பதினெட்டுக் குழந்தைகள் வருகிறார்கள், பலகையில் ஏறிக் குதித்து எவனாவது மண்டையை உடைத்துக்கொள்வான் என்று முந்தின நாளே அதை எடுத்துக் கராஜில் சாத்திவைத்தேன். சாக்கு வேறு பாசி பிடித்து, படம் எடுத்தால் அசிங்கமாக இருக்கும். இதையும் நினைத்தேன், மறைப்பானேன். விருந்து முடிந்து, பலூன் பொறுக்கி, தட்டுகளை மூட்டை கட்டி, பத்தரை மணிக்குப் படுத்தோம். பலகை கராஜிலேயே இருந்தது.

காலையில் ரிங்டெயில் பாஸம் ஒன்று தொட்டிக்குள் செத்து மிதந்தது. பூனைக்குக் கொஞ்சம் சின்ன உருவம், சுருளும் வால், வாலின் நுனி மட்டும் வெள்ளை. ஓரம் முழுக்க, நீல டைல் பதித்த சுவரில், நகம் வழுக்கிய கோடுகள் இருக்கும் என்று தேடினேன். டைலில் கோடு விழாது. ஒன்றுமே இல்லை, ராத்திரி ஒன்றுமே நடக்காதது போலப் பளிச்சென்று இருந்தது.

மகள்தான் குட்டியைப் பார்த்தாள். அடித்தரையைச் சுத்தம் செய்கிற கருவிக்கு நீளமான, வரிவரியான ஒரு குழாய் உண்டு, அது தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருக்கும். அந்தக் குழாயின் வளைவில், நாலு காலாலும் வாலாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஈர எலி போல ஒன்று. தாயின் முதுகில் சவாரி செய்கிற பருவம். எத்தனை மணி நேரம் அப்படி இருந்ததோ. குழாயை மெதுவாக இழுத்தேன். கரைக்கு வந்ததும் துண்டால் மூடினேன். குழாயிலிருந்து அதன் வாலைப் பிரிப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. வயர்ஸ் பெண்மணி போனில் சொன்னார்: பால் கொடுக்காதே, பசும்பால் ஆகாது, எதுவுமே ஊட்டாதே. அட்டைப் பெட்டியில் வை, இருட்டாக, கதகதப்பாக, சத்தமில்லாமல். கேக் வந்த பெட்டிதான் கையில் அகப்பட்டது. உள்ளே கொஞ்சம் இளஞ்சிவப்பு ஐசிங் ஒட்டியிருந்தது, துடைத்தேன்.

வந்த பெண்மணி குட்டியைத் தன் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டு காரில் ஏறினார். நான் பலகையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்காமலே, "பெரும்பாலும் ஒருநாள்தான் மறந்திருப்பார்கள்" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதற்குக் குற்றமே சொல்லியிருக்கலாம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஸ்கைப்பில் பேசினோம். மகள் எல்லாவற்றையும் பாட்டியிடம் ஒப்பித்தாள். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மட்டை எங்க போச்சு?" என்றாள். நான் கேமராவுக்கு வெளியே எழுந்து போனேன்.

இப்போது பலகையை எடுக்க முடியாது. துருப்பிடிக்காத சங்கிலி போட்டுப் படிக்கட்டுக் கைப்பிடியோடு பிணைத்திருக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் அது என்ன என்று கேட்பார்கள், சொல்வேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சாக்கு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. சணல் சாக்கு இங்கே சுலபத்தில் கிடைப்பதில்லை, வென்ட்வொர்த்வில்லில் அரிசி வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டு வைக்கிறேன்.

போன மாதம் ராத்திரி நல்ல மழை. காலையில் தேநீரோடு வெளியே போனபோது, பலகையின் மேல்முனையிலிருந்து வேலிவரை சிமெண்டில் ஈரக் காலடித் தடம். இரண்டு இரண்டாக, கொஞ்சம் தள்ளாடினாற்போல. நாலு விரலா ஐந்தா என்று குனிந்து பார்த்தேன். மகள், இப்போது கல்லூரிக்குப் போகிறவள், பாண்டிகூட் என்கிற இந்த ஊர்ப் பிராணி என்றாள், மனைவி எலி என்றாள். போனை எடுத்து வந்து படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பலாம் என்று உள்ளே ஓடினேன். வருவதற்குள் வெயில் ஏறி, வேலிப் பக்கத்துத் தடம் காய்ந்துவிட்டது. பலகையடியில் ஒன்றிரண்டு மட்டும் மிச்சம் இருந்தன, அவையும் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டிருந்தன.